பின்பக்கப் பட்டை ஸ்பிரிங், ஷாக் மாற்றம்: எடையில் தொடங்குவதா, உயரத்தில் தொடங்குவதா?

மண்சாலை:

வணக்கம். ஏணி சேஸிஸ், ஃபோர் வீல் டிரைவ், இரட்டை கேபின் பிக்கப். பின்னால் முழு ஆக்சில், அதன் மேல் லீஃப் ஸ்பிரிங் (இரும்புப் பட்டை அடுக்கு). மூடிய பெட்டி, டிராயர், தண்ணீர் டேங்க், கூரைக் கூடாரம் எல்லாம் நிரந்தரமாக ஏறிவிட்டன. இறக்கி வைக்கிற சுமை இல்லை.

எடைமேடையில் பின் ஆக்சில் மட்டும்: காலியாக 820 கிலோ, இப்போது 1180 கிலோ. வீல் நடுவிலிருந்து ஆர்ச் விளிம்பு வரை: காலியாக 540 மி.மீ., இப்போது 490. பம்ப் ஸ்டாப்புக்கும் (ஆக்சில் மேலே வந்தால் முட்டும் ரப்பர்) ஆக்சிலுக்கும் நடுவே மிச்சம் 35 மி.மீ. தான். நான்கு பட்டை, அடியில் தடித்த ஓவர்லோடு பட்டை ஒன்று. ஓவர்லோடு பட்டை இன்னும் தொடவில்லை. ஷாக் கம்பெனியில் வந்த ட்வின் டியூப். அலையலையான சரளைப் பாதையில் கொஞ்ச நேரம் ஓடினாலே வண்டியின் பின்பக்கம் மிதக்க ஆரம்பிக்கிறது.

சுமையோடு 540க்கு மேல் நிற்க வேண்டும், 31 அங்குல டயர் ஏற வேண்டும், பள்ளத்தில் அடி தட்டக்கூடாது. பிளாக் (ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே வைக்கும் கட்டை), நீள ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் பின்முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு), ஒரு பட்டை கூடுதல், ஏர்பேக், முழு செட் என்று ஐந்து வழி சொல்கிறார்கள். எது, ஏன்?

திருகுவிசை:

எடையும் அளவும் போட்டுக் கேட்டதற்கு முதலில் நன்றி. இந்த நான்கு எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

360 கிலோ ஏறியதில் 50 மி.மீ. இறங்கியிருக்கிறது. இரண்டு பக்கம் பிரித்தால் பக்கத்துக்கு 180 கிலோவுக்கு 50 மி.மீ. அப்படியென்றால் உங்கள் ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 3.6 கிலோ. காலி வண்டிக்கு இது சரியான ஸ்பிரிங்தான். 1180க்குப் போதாது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஆக்சில், வீல், பிரேக் எல்லாம் சேர்த்து ஸ்பிரிங்குக்குக் கீழே சுமார் 200 கிலோ என்று வைத்தால், சுமையோடு ஒரு ஸ்பிரிங்கின் மேல் நிற்பது 490 கிலோ. 3.6 விறைப்பில் வண்டி நொடிக்கு 1.35 தடவை ஆடும். அது மெத்தென்று இருக்கும், ஆனால் 35 மி.மீ. இடைவெளியில் அந்த ஆட்டத்துக்கு இடமே இல்லை. விறைப்பை 6க்கு ஏற்றினால் 1.74. சுமையோடு தாங்கும், ஆனால் காலியானால் 2.2க்குப் போய்ப் பின்பக்கம் குதிக்கும். நடுவே 5 வைத்தால் சுமையோடு 1.59. உங்கள் வண்டிக்கு நான் 5 சொல்வேன்.

உயரம் என்பது ஸ்பிரிங்கின் வளைவால் வருவது, விறைப்பால் அல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் தேவைக்கு மேல் விறைப்பான செட்டை மாட்டிவிட்டு முதுகு வலிக்கிறது என்கிறார்கள். 5 விறைப்பில் உங்கள் சுமை 36 மி.மீ. இறக்கும். சுமையோடு 545 நிற்க வேண்டுமென்றால், சுமை இல்லாமல் 581 நிற்கிற வளைவு வேண்டும். ஸ்பிரிங் செய்பவரிடம் "ரெண்டு இன்ச் லிஃப்ட்" என்று கேட்காமல் இந்த மூன்று எண்ணைக் கொடுங்கள்: சுமையோடு எடை, சுமையோடு உயரம், விறைப்பு. ரெடிமேட் செட் வாங்கினால் "நிரந்தரச் சுமை 300 கிலோ" வகை பொருந்தும். 500 வகைக்குப் போகாதீர்கள்.

31 அங்குல டயர் பற்றி ஒரு வரி. எந்த ஸ்பிரிங் போட்டாலும் டிஃப் (ஆக்சில் நடுவே உள்ள டிஃபரன்ஷியல்) அடியில் தரையிடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாது. அது டயரால் மட்டுமே ஏறும். 29லிருந்து 31க்குப் போனால் 25 மி.மீ. கிடைக்கும்.

இரும்புப்பட்டறை:

கணக்கு சரி. பட்டை பக்கம் நான் சொல்றேன்.

ஒரு பட்டை கூடுதலா வைக்கிறதுல ரெண்டு வகை இருக்கு தம்பி. குட்டைப் பட்டை வைக்கிறது ஒண்ணு. நீளப் பட்டை, அதாவது ரெண்டாம் பட்டைக்கு அடியில கிட்டத்தட்ட முழு நீளத்துக்கு வர்றது இன்னொண்ணு. குட்டைப் பட்டை ரொம்ப வளைவா, தடிப்பா இருக்கும். ஸ்பிரிங்கை ஆக்சிலோட கட்டுற யூ போல்ட்டை இறுக்கும்போது அது நேராகி, மேல இருக்கிற பட்டைங்களைத் தள்ளித் தூக்கும். உயரம் வரும். ஆனா அந்தக் குட்டைப் பட்டை முடியுற நுனியில மேல் பட்டை மொத்த வளைவையும் வாங்கும். பட்டை அங்கதான் உடையும். உடைஞ்ச பட்டையை எடுத்துப் பாருங்க, குட்டைப் பட்டை நுனி தேய்ச்ச கோட்டுக்குப் பக்கத்துலயே விரிசல் இருக்கும்.

தடிப்பு விஷயத்துல ஏமாந்துடாதீங்க. விறைப்பு தடிப்போட மும்மடி. 7 மி.மீ. பட்டைக்குப் பதிலா 8 மி.மீ. போட்டா அந்தப் பட்டை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்பு. ஒரு மில்லிமீட்டர்தானேன்னு நினைக்கக் கூடாது. அதே அளவு வளையும்போது தடிச்ச பட்டைக்குள்ள அழுத்தமும் கூட. அதனாலதான் நல்ல செட்டுல பட்டை மெல்லிசா, எண்ணிக்கை கூடுதலா இருக்கும். அஞ்சு தடிச்ச பட்டையை விட எட்டு மெல்லிசு நீண்டநாள் உழைக்கும், நல்லாவும் வளையும்.

பழைய செட்டைச் சூடு பண்ணி வளைச்சுத் தர்றாங்களே, அதுவும் வேண்டாம். ஸ்பிரிங் ஸ்டீலைக் காய்ச்சினா மறுபடி முறையா எண்ணெய்ல தோய்ச்சு, டெம்பர் பண்ணணும். அது இல்லாம வளைச்சது சீக்கிரம் உட்கார்ந்துடும், இல்லேன்னா முறியும்.

உங்க நிலைமைக்கு முழு செட்தான். வாங்கும்போது மூணு விஷயம் பாருங்க. ரெண்டாம் பட்டை, மெயின் பட்டையோட கண்ணை (போல்ட் போற முனை வளையம்) சுத்தி வந்திருக்கணும். காட்டுல மெயின் பட்டை உடைஞ்சாலும் ஆக்சில் இடத்துல நிக்கும், மெதுவா ஊர் வந்து சேரலாம். பட்டை நுனி மெலிசாச் சீவி இருக்கணும், சதுரமா வெட்டுனது கூடாது. பட்டைங்களைச் சேர்த்துப் பிடிக்கிற கிளிப், ஆக்சில் தொங்கும்போது பட்டை விசிறியாப் பிரியாம பிடிக்கிற மாதிரி இருக்கணும், ஆனா பக்கவாட்டுல நெரிக்கக் கூடாது.

பாறைமுகடு:

முழு செட் சரி என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஷேக்கிளை ஒதுக்க வேண்டாம். வளைவு கூடிய புது செட்டில் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள தூரம் குறையும். பழைய ஷேக்கிளை அப்படியே மாட்டினால் அது முன்பக்கம் சாய்ந்து நிற்கும். ஆக்சில் தொங்கும்போது இன்னும் முன்னால் போய் சேஸிஸில் முட்டிப் பூட்டிக்கொள்ளும். பூட்டிய ஷேக்கிளோடு அந்தச் சக்கரம் மேலே வந்தால் மெயின் பட்டை கண்ணருகே கோணிவிடும். சுமையோடு நிற்கும்போது ஷேக்கிளின் கீழ்முனை செங்குத்திலிருந்து 15 முதல் 30 டிகிரி பின்பக்கம் சாய்ந்திருந்தால் இரண்டு பக்கமும் போக இடம் இருக்கும்.

உயரத்துக்காக மட்டும் ஷேக்கிளை நீட்டுவதென்றால் ஞாபகம் வைக்க வேண்டியது: 50 மி.மீ. நீட்டினால் ஆக்சிலில் கிடைப்பது 25 தான். கூடவே 1200 மி.மீ. ஸ்பிரிங்கில் பினியன் மூக்கு (டிஃபில் டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) ஏறக்குறைய 2.4 டிகிரி மேலே திரும்பும். 20 மி.மீ. நீட்டலுக்கு மேல் நான் போக மாட்டேன். இரண்டு தகட்டையும் நடுவில் குறுக்குக் குழாய் வைத்துப் பற்றவைத்த ஷேக்கிளாக இருக்கட்டும். வெறும் இரண்டு தகடு பக்கவாட்டில் ஆடும்.

பிளாக் பற்றிச் சுருக்கமாக. ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே நெம்புகோலின் நீளத்தைக் கூட்டுகிறோம். கிளட்சை விட்டதும் ஆக்சில் சுழலப் பார்க்கும், பட்டை S போல நெளியும், சக்கரம் படபடவென்று துள்ளும். பிளாக் ஸ்பிரிங்கை விறைப்பாக்குவதும் இல்லை, எனவே இந்த வண்டிக்கு அது பதிலே இல்லை. ஒன்றின் மேல் ஒன்று அடுக்குவதும், முன் ஆக்சிலில் போடுவதும் எந்த வண்டிக்கும் கூடாது.

மண்சாலை:

தெளிவாகிறது. பிளாக்கும் குட்டைப் பட்டையும் கழிந்தன. பழைய செட்டையே வைத்துக்கொண்டு ஏர்பேக் மட்டும் மாட்டினால்? காற்றை ஏற்றி இறக்கினால் உயரம் கைக்குள் இருக்குமே.

நெடும்பயணி:

உங்கள் வண்டியில் வேண்டாம் சார். காரணம் சேஸிஸ்.

லீஃப் ஸ்பிரிங் சுமையைச் சேஸிஸுக்கு இரண்டு இடத்தில் கொடுக்கிறது: முன் ஹேங்கர், பின் ஷேக்கிள். நடுவே ஒரு மீட்டருக்கு மேல் தூரம். ஏர்பேக் அதே சுமையை ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் கொடுக்கும். சேஸிஸை அந்த இடத்தில் அப்படித் தாங்குவதற்கென்று கட்டவில்லை. இரட்டை கேபின் பிக்கப்பில் கேபினுக்குப் பின்னால், ஆக்சிலுக்கு முன்னால்தான் சேஸிஸ் வளைவு எடுக்கும். உங்கள் பெட்டி ஆக்சிலுக்குப் பின்னால் நீண்டிருந்தால், பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஏர்பேக் புள்ளியை அச்சாக வைத்து சேஸிஸை உடைக்கிற மாதிரி நெம்பும். கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இடுக்கு மேலே அகன்று, கீழே குறுகலாகத் தெரிந்தால் சேஸிஸ் வளைந்துவிட்டது என்று அர்த்தம். இப்போதே அந்த இடுக்கை இரண்டு பக்கமும் அளந்து குறித்து வையுங்கள்.

இன்னொன்று, ஏர்பேக் ஆக்சிலை முழுசாகத் தொங்க விடாது. வலுக்கட்டாயமாகத் தொங்கினால் பை கிழியும்.

எப்போதாவது டிரெய்லர் மாட்டும்போது நேர் ரோட்டில் கொஞ்சம் காற்று வைத்து உயரத்தைச் சமன் செய்வதற்கு அது உதவும். ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையை நிரந்தரமாக அதன் தலையில் கட்டக்கூடாது. கூடவே ஒரு எச்சரிக்கை: எந்த ஸ்பிரிங் போட்டாலும் ஆக்சிலின் அனுமதி எடையும் வண்டியின் மொத்த அனுமதி எடையும் அதிகரிக்காது. கதவுத் தூணில் ஒட்டிய தகட்டில் பின் ஆக்சில் அளவைப் பார்த்து, 1180 அதற்குள் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள்.

திருகுவிசை:

இப்போது ஷாக். நீங்கள் சொல்லும் மிதப்பு, எண்ணெய் சூடாகி நுரைத்துப்போவது. ட்வின் டியூபில் எண்ணெயும் வாயுவும் ஒரே அறையில் பிரிவு இல்லாமல் இருக்கும். அலைப்பாதையில் தொடர்ந்து குலுங்கினால் இரண்டும் கலந்துவிடும், வால்வு வழியே நுரை ஓடும், அடக்கும் சக்தி போய்விடும். மோனோ டியூபில் நைட்ரஜன் தனி மிதவை பிஸ்டனுக்குப் பின்னால் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும், எண்ணெய் நேராக வெளிச்சுவரைத் தொடுவதால் சூடும் சீக்கிரம் வெளியேறும். ஆனால் வெளிச்சுவரில்தான் பிஸ்டன் ஓடுகிறது. கல் அடித்து நெளிந்தால் அந்த ஷாக் முடிந்தது. ட்வின் டியூபில் வெளிக்குழாய் சிறிது நெளிந்தாலும் உள்ளே ஓடும்.

எவ்வளவு அடக்கம் வேண்டும்? தேவை, விறைப்பையும் நிறையையும் பெருக்கியதன் வர்க்கமூலம். காலி வண்டியோடு ஒப்பிட்டால் உங்கள் நிறை ஸ்பிரிங்குக்கு 310லிருந்து 490, விறைப்பு 3.6லிருந்து 5. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 1.48 மடங்கு. கம்பெனி ஷாக் காலி வண்டிக்கும் அரைச் சுமைக்கும் நடுவே பார்த்துச் செய்ததாக இருக்கும் என்பதால், ரீபவுண்டு (ஷாக் நீளும்) பக்கம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் போதும். கம்ப்ரஷன் (ஷாக் அமுங்கும்) பக்கம் அவ்வளவு ஏற்றத் தேவையில்லை. ஸ்பிரிங் ஏற்கெனவே அந்தப் பக்கம் எதிர்க்கிறது. ரீபவுண்டு அளவுக்கு மீறினால் இன்னொரு சிக்கல்: அடுத்த அலை வருவதற்குள் சக்கரம் கீழே இறங்கி முடிக்காது. வண்டி படிப்படியாகக் குனிந்து கடைசியில் பம்ப் ஸ்டாப்பிலேயே ஓடும்.

நீளத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். "லிஃப்ட் செய்தாச்சு, நீளமான ஷாக் போடு" என்பது அரைகுறை. உதாரணத்துக்கு: சுமையோடு 545ல் நின்றால் பம்ப் ஸ்டாப் இடைவெளி 90. ரப்பர் 60 மி.மீ. உயரம் என்றால் பாதி நசுங்கும், 30. ஆக, ஆக்சில் மேலே வரக்கூடியது 120. ஷாக் 25 டிகிரி சாய்ந்திருந்தால் 0.906ஆல் பெருக்க, ஷாக்குக்குள் 109 மி.மீ. நிற்கும்போது கண்ணுக்குக் கண் 470 என்றால் முழு அமுக்கத்தில் 361. அதில் 10 விட்டு, மூடிய நீளம் 350க்குள் இருக்க வேண்டும். கீழே 110 மி.மீ. தொங்கும் என்றால் திறந்த நீளம் குறைந்தது 570. ஸ்ட்ரோக் 220.

இங்கேதான் மோனோ டியூப் இடிக்கும். எண்ணெய், மிதவை பிஸ்டன், வாயு மூன்றும் ஒரே குழாய்க்குள் நிற்க வேண்டும் என்பதால், 220 ஸ்ட்ரோக்குக்கு 350 மூடிய நீளம் கிடைப்பது கடினம். அப்படி அமையவில்லை என்றால் வாயுவைத் தனிப் புட்டிக்குக் கொண்டுபோகிற ரிசர்வாயர் வகை, அல்லது பருமனான ட்வின் டியூப். மூடிய நீளம் கூடுதலான ஷாக்கை மாட்டினால் பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன் ஷாக் தட்டும். மேல் மவுண்ட் பிய்ந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சாய்மானத்தையும் கவனியுங்கள். ஆக்சிலில் கிடைக்கும் அடக்கம் கொசைனின் இருமடி. 25 டிகிரியில் 82 சதவீதம், 45 டிகிரியில் பாதி. தொங்கலுக்காக ஷாக்கைப் படுக்கப் போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பாறைமுகடு:

மேலே உள்ள கணக்கை நம்பி மட்டும் ஆர்டர் போடாதீர்கள், கீழே 110 என்பது ஊகம். புது செட் வந்ததும், பட்டைகளை நடுவில் கோர்த்திருக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றி, மெயின் பட்டை ஒன்றை மட்டும் மாட்டுங்கள். ஷாக் இல்லாமல், வீல் இல்லாமல். டிஃப் அடியில் ஜாக்கி வைத்து ஆக்சிலை பம்ப் ஸ்டாப் நசுங்கும் வரை மேலே கொண்டுபோங்கள், அளங்கள். ஒரு பக்கம் மட்டும் ஏற்றி, மறுபக்கம் இறக்கியும் அளக்க வேண்டும், ஏனென்றால் கோணலாக வரும்போது டயர் உள்ளே சாயும், ஷாக்கின் கீழ்ப்பகுதி சேஸிஸை நோக்கி வரும். பிறகு முழு செட்டையும் கட்டி, தொங்கவிட்டு, கீழ் அளவை எடுங்கள். அந்த நிலையில் பிரேக் ஹோஸ், டிஃப் மூச்சுக்குழாய், ஏபிஎஸ் வயர், ஹேண்ட்பிரேக் கேபிள் நான்கையும் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஹோஸ் விறைத்து நின்றால் ஷாக் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. நீள ஹோஸ் போடுங்கள், அல்லது அதன் பிராக்கெட்டை இறக்குங்கள். கடைசியாக ஷாக் வாங்குங்கள்.

சுருள்வில்:

லீஃப் பற்றிய இழை என்றாலும், காயில் வைத்தவர்கள் இதைப் படித்துவிட்டு அப்படியே செய்யக்கூடாது என்பதால் எழுதுகிறேன். லேண்ட் க்ரூசர் 80, ஜிம்னி, 2020க்குப் பின் வந்த தார் எல்லாம் பின்னால் முழு ஆக்சில், ஆனால் காயில் ஸ்பிரிங். அங்கே ஆக்சிலைப் பிடிப்பது ஸ்பிரிங் இல்லை, ஆர்ம்களும் குறுக்கே போகும் பன்ஹார்டு ராடும்.

உயரம் ஏற்றினால் பன்ஹார்டு ராடின் சாய்வு கூடி ஆக்சில் ஒரு பக்கம் நகரும். 900 மி.மீ. ராடு கிடைமட்டமாக இருந்து 50 ஏறினால் நகர்வு 1.4 மி.மீ. தான், கண்ணுக்குத் தெரியாது. ஏற்கெனவே 60 மி.மீ. சாய்ந்திருக்கும் ராடில் அதே 50 ஏறினால் 4.7. முனைக்கு முனை சாய்வை அளந்துவிட்டு, அட்ஜஸ்ட் செய்யும் ராடு தேவையா என்று முடிவெடுங்கள்.

காயிலில் கம்பித் தடிப்பு நான்மடியாக வேலை செய்யும். 14 மி.மீ. கம்பிக்குப் பதில் 15 போட்டால், மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தாலே 1.32 மடங்கு விறைப்பு. பல செட்களில் இடது வலது காயில் நீளம் வேறு, கூட வரும் குறிப்புச் சீட்டைப் பார்த்து மாட்டுங்கள். முழுசாகத் தொங்கும்போது காயில் தளர்ந்து இருக்கையை விட்டு விலகுமா என்றும் பார்க்க வேண்டும். காயிலுக்குள் வைக்கிற ஏர்பேக்கில், நெடும்பயணி சொன்ன சேஸிஸ் பிரச்சினை கிடையாது. சுமை ஏற்கெனவே அதே காயில் இருக்கையில்தான் இறங்குகிறது.

இரும்புப்பட்டறை:

மாட்டுற முறை. அவசரப்படாம செய்யணும்.

முந்தின நாளே எல்லா நட்டுலயும் துரு இளக்கி எண்ணெய் அடிச்சு வைங்க. முன்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை. சேஸிஸுக்கு அடியில, முன் ஹேங்கருக்குக் கொஞ்சம் முன்னால ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகவே கூடாது. டிஃப் அடியில வேற ஜாக்கி, ஆக்சில் எடையை அது வாங்கணும். ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான் கழட்டணும். ரெண்டையும் சேர்த்துக் கழட்டினா ஆக்சில் உருண்டு பிரேக் பைப்பை இழுத்துடும்.

ஷாக், அப்புறம் யூ போல்ட், அப்புறம் ஷேக்கிள், கடைசியா முன் கண் போல்ட். இந்தக் கடைசிப் போல்ட்தான் படுத்தும். புஷ் (கண்ணுக்குள்ள இருக்கிற ரப்பர் உறை) உள்ள இருக்கிற இரும்புக் குழாயோட துருப்பிடிச்சு ஒண்ணாயிருக்கும். நட்டு கழண்டாலும் போல்ட் வராது, தட்டினா ரப்பர் ஸ்பிரிங் மாதிரி அடியை வாங்கிக்கும். ரெண்டு பக்கமும் ஹேங்கரை ஒட்டி ரம்பப் பிளேடால அறுத்து எடுக்குறதுதான் வழி. கேஸ் வெட்டு வேண்டாம், பக்கத்துல டீசல் டேங்க் இருக்கு. சில வண்டில டேங்க் பக்கத்து போல்ட் உள்ளேயிருந்து வெளியே போட்டிருப்பாங்க, டேங்க்கை இறக்காம எடுக்க முடியாது. புதுசு மாட்டும்போது தலை டேங்க் பக்கம் வராம திருப்பிப் போட இடம் இருக்கான்னு பாருங்க.

புது செட்டை வைக்கும்போது சென்டர் போல்ட்டிலிருந்து முன் கண்ணு, பின் கண்ணு தூரத்தை அளந்துக்கோங்க. நிறைய வண்டில ரெண்டும் சமமில்லை. திருப்பி மாட்டினா ஆக்சில் முன்னப் பின்ன போயிடும். சென்டர் போல்ட் தலை, ஆக்சில் மேல இருக்கிற குழில உட்காரணும், தொளதொளன்னு ஆடக்கூடாது. தலை சின்னதா இருந்தா ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்து வண்டி நண்டு மாதிரி கோணலா ஓடும். தலைக்குப் பொருந்துற வளையம் கடைஞ்சு போடுங்க.

யூ போல்ட் எப்பவும் புதுசு. ஒரு தடவை இறுக்கினது நீண்டிருக்கும், மரை நசுங்கியிருக்கும். புது செட் தடிப்பு கூடுதல்ங்கறதால நீளமும் கூடணும், நட்டைத் தாண்டி மூணு நாலு மரை தெரியணும். நாலு நட்டையும் மூலைக்கு மூலை, மூணு கட்டமா இறுக்கணும். டார்க் அளவு வண்டி மேனுவல்ல இருக்கும், இந்த வகை பிக்கப்புக்குப் பெரும்பாலும் 100லிருந்து 150 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும். சென்டர் போல்ட் உடைஞ்சுதுன்னு வர்றவங்க போல்ட்டைக் குறை சொல்லுவாங்க. யூ போல்ட் தளர்ந்ததாலதான் அது உடையுது. பிடிமானம் முழுக்க யூ போல்ட்டுக்குத்தான், சென்டர் போல்ட்டுக்கு இடம் காட்டுற வேலை மட்டும்.

ரொம்ப முக்கியம்: கண் போல்ட், ஷேக்கிள் போல்ட் ரெண்டையும் கையால மட்டும் இறுக்கி, வண்டியைத் தரையில இறக்கி, முழுச் சுமை வச்சு, முன்ன பின்ன உருட்டிட்டு அப்புறம்தான் டார்க் வைக்கணும். ஆக்சில் தொங்கும்போதே இறுக்கினா ரப்பர் புஷ் முறுக்கின நிலையிலேயே மாட்டிக்கும். வண்டி இறங்கினதும் எந்நேரமும் திருகிக்கிட்டே இருந்து கிழிஞ்சுடும். உயரமும் கொஞ்சம் பொய்யாத் தெரியும்.

முடிச்சதும் முன் வீல் நடுவுக்கும் பின் வீல் நடுவுக்கும் ரெண்டு பக்கமும் அளங்க. 5 மி.மீ.க்கு மேல வித்தியாசம்னா மறுபடி கழட்டுங்க.

நெடும்பயணி:

அருமையான விளக்கம் அண்ணே. அதோடு சேர்த்து ஒன்று, பலர் விட்டுவிடுவது: சுமையை உணரும் பிரேக் வால்வு.

பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி சேஸிஸில் உள்ள வால்வுக்குப் போகிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால், வண்டி உயர்ந்ததும் அந்த வால்வு "சுமை இல்லை" என்று நினைத்துப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். 1180 கிலோவோடு இறக்கத்தில் பிரேக் முழுவதும் முன்னால்தான். ஆக்சில் பக்கத்து பிராக்கெட்டை, ஏறிய உயரத்துக்குச் சமமாகத் தூக்க வேண்டும். அதோடும் முடியாது: பழைய ஸ்பிரிங் இந்தச் சுமைக்கு 50 மி.மீ. இறங்கியது, புதுசு 36 தான் இறங்கும். வால்வு எப்போதும் உண்மையைவிடக் குறைந்த சுமையையே காணும். எனவே பிராக்கெட்டைக் காலி உயரத்தை வைத்துச் சரிசெய்யாதீர்கள். நிரந்தரச் சுமையோடு, முன்னும் பின்னும் பிரஷர் கேஜ் மாட்டி, மேனுவலில் உள்ள அழுத்தத்துக்கு வையுங்கள். எலக்ட்ரானிக் முறையில் பங்கிடும் வண்டிகளில் இந்தக் கம்பி இருக்காது.

மண்சாலை:

கம்பி இருக்கிறது. இது பட்டியலிலேயே இல்லாத வேலை, சேர்த்துக்கொள்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. பட்டைகளுக்கு நடுவே கிரீஸ் வைக்கலாமா? புஷ் ரப்பரா, பாலியூரிதேனா?

இரும்புப்பட்டறை:

மாட்டுறதுக்கு முன்னால பட்டைங்க நடுவுல கிராஃபைட் கிரீஸ் மெல்லிசாப் பூசினா கிறீச் சத்தம் வராது, துருவும் பிடிக்காது. நல்லது.

பாறைமுகடு:

மணலிலும் தூசியிலும் ஓடுகிற வண்டிக்கு நான் இதை ஏற்கவில்லை. கிரீஸில் மணல் ஒட்டி, பட்டையைத் தேய்க்கிற பசையாக மாறும். நுனியில் நைலான் பேடு உள்ள செட் வாங்கினால் கிரீஸே தேவையில்லை. பேடு தேய்ந்தால் மாற்றலாம். பட்டைகளின் உராய்வு கொஞ்சம் அடக்கமும் தருகிறது, அதை முழுவதும் எடுத்துவிட்டால் ஷாக்குக்கு வேலை கூடும்.

புஷ் விஷயத்தில்: முன் கண்ணுக்கு ரப்பர். ஆக்சில் கோணும்போது கண் திருகிக் கொடுக்க வேண்டிய இடம் அது. ஷேக்கிள் பக்கம் பாலியூரிதேன் போடலாம், கிரீஸ் நிப்பிள் உள்ள பின்னோடு. அதற்கு அதோடு வரும் கிரீஸ் மட்டும்தான்.

இரும்புப்பட்டறை:

மணல் ஓட்டத்துக்கு நைலான் பேடு சரிதான், ஒத்துக்குறேன். மழை, சேறு அதிகம் உள்ள ஓட்டத்துக்கு நான் சொன்னது.

திருகுவிசை:

பினியன் கோணம் பற்றி முழுசாக யாரும் எழுதவில்லை. வேலைக்கு முன் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) ஃபிளாஞ்ச், பினியன் ஃபிளாஞ்ச் இரண்டின் கோணத்தையும் டிஜிட்டல் கோணமானியால் குறித்து வையுங்கள். இரண்டு முனையிலும் ஒற்றை கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்) உள்ள ஷாஃப்ட் என்றால், இரண்டு ஃபிளாஞ்சும் இணையாக இருக்க வேண்டும். லீஃப் ஸ்பிரிங்கில் பினியனை ஒன்றிரண்டு டிகிரி தாழ்த்தி வைப்பது நல்லது, இழுவையில் அது தானே மேலே ஏறி இணையாகும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை கிராஸ் இருந்தால் கணக்கு வேறு: பினியன் நேராக ஷாஃப்டை நோக்கிப் பார்க்க வேண்டும்.

திருத்தம் தேவைப்பட்டால் இரும்பு ஆப்பு. ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலே உள்ள உங்கள் வண்டியில், தடித்த முனையை முன்பக்கம் வைத்தால் பினியன் மூக்கு இறங்கும், பின்பக்கம் வைத்தால் ஏறும். அலுமினிய ஆப்பு நசுங்கும், யூ போல்ட் தளரும். சென்டர் போல்ட்டும் ஆப்பின் தடிப்பு அளவுக்கு நீள வேண்டும். ஷாஃப்ட் இரண்டு துண்டாக, நடுவே பேரிங் தொங்கும் வகையாக இருந்தால், ஆப்புக்கு முன்னால் அந்தப் பேரிங்கை 10 முதல் 15 மி.மீ. இறக்கிப் பாருங்கள். நகரத் தொடங்கும்போது மட்டும் உதறினால் அங்கேதான் காரணம். வேகம் கூடக் கூட ஏறிக்கொண்டே போகும் அதிர்வு என்றால் ஷாஃப்ட் பாலன்ஸ், அல்லது கழற்றி மாட்டும்போது இரண்டு முனையின் யோக்கும் ஒரே வரிசையில் வரவில்லை. கழற்றும் முன் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பின்னால் மட்டும் 50 மி.மீ. ஏறினால், 3 மீட்டர் வீல்பேஸில் முன் சக்கரத்தின் கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். உங்கள் வண்டி இப்போது பின்னால் அமுங்கி நிற்பதால் அது பழைய இடத்துக்கே வருகிறது. ஹெட்லைட்டை மட்டும் மறுபடி வையுங்கள்.

மண்சாலை:

முடிவு: 5 விறைப்பில் முழு செட், நைலான் பேடு, முன் கண்ணில் ரப்பர். ஷேக்கிள் நீளம் செட்டை மாட்டிப் பார்த்த பிறகு. மெயின் பட்டையை மட்டும் வைத்து அளந்த பிறகு ஷாக். வால்வு பிராக்கெட் கேஜோடு. தகட்டில் பின் ஆக்சில் அனுமதி 1600 கிலோ என்று இருக்கிறது. மறுபடி எப்போது இறுக்க வேண்டும்?

இரும்புப்பட்டறை:

யூ போல்ட்டை 100 கிலோமீட்டர்ல ஒரு தடவை, 500ல ஒரு தடவை, 1000ல ஒரு தடவை. புது செட் முதல்ல 10 மி.மீ. வரைக்கும் உட்காரும், அதனால 1000 தாண்டி உயரத்தை அளந்து, அப்போ கண் போல்ட், ஷேக்கிள் போல்ட் ரெண்டையும் தளர்த்தி, வண்டி தரையில நிக்கும்போதே மறுபடி டார்க் வைங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு பெரிய சரளை ஓட்டத்துக்கும் பிறகு நட்டு மேல போட்ட பெயின்ட் கோடு நகர்ந்திருக்கான்னு ஒரு பார்வை போதும்.

நெடும்பயணி:

அதே நேரத்தில் ஷாக்கையும் பாருங்கள். அலைப்பாதையை விட்டு இறங்கியதும் இரண்டு ஷாக்கின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், உடனே தொட்டுவிட வேண்டாம், சுட்டுவிடும். இரண்டும் ஒரே அளவு சூடாக இருந்தால் இரண்டும் வேலை செய்கின்றன. ஒன்று ஆறிப்போய் இருந்தால் அதுதான் செத்த ஷாக், சூடாக இருப்பது அல்ல. டயர் காற்றைக் கால்வாசி குறைத்து, வேகத்தையும் குறைத்து ஓட்டினால் ஷாக்குக்குப் போகும் சூடு கணிசமாகக் குறையும். தார் ரோடு ஏறும் முன் காற்றைத் திரும்ப ஏற்றிவிடுங்கள்.